ஊருக்கு ஒரு உயர்தரம் வேண்டாம், முதலில் ஒரு பஸ் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் உங்கள் பத்திரிகையின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. மூதூர், சம்பூர் எல்லாம் சேர்ந்த எங்கள் கொட்டியாரப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் பெற்றோர் பதாதைகளோடு நிற்கிறார்கள், தங்கள் பாடசாலையை உயர்தரம் (தரம் 12, 13) வரை தரமுயர்த்த வேண்டும் என்று. அந்த முகங்களில் பாதியை எனக்குத் தெரியும், அதில் இரண்டு பேர் என்னிடம் கடனுக்கு டயர் எடுத்தவர்கள். அவர்களுடைய கோபம் நியாயமான கோபம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கேட்கிற சாமான் பிழை. மகஜர் ஆளுநர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர முன்னர் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீண்டுபோனால் வெட்டிப் போடுங்கள், ஆனால் பஸ் பற்றி எழுதியிருக்கிற பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் கல்வி அதிகாரியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. மகா வித்தியாலயத்துக்குத் திரும்புகிற சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், என் மகள் அங்கே தரம் 12இல் படிக்கிறாள், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வைத்தால் போய் உட்காருகிறவன். காலையில் கடையைத் திறந்ததிலிருந்து முதல் மணி அடிக்கும் வரைக்கும் ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகள் என் கண்ணுக்கு முன்னால்தான் போகிறார்கள். எந்த ஊர்ப் பாதை எப்போது பழுதாகிறது என்று பிரதேச சபைக்குத் தெரிய முன்னர் எனக்குத் தெரியும், வளைந்து வருகிற ரிம் சொல்லிவிடும். சாதாரண தரப் பரீட்சை முடிந்து மறுமொழி வந்த பிறகு எந்த ஊர்ச் சைக்கிள்கள் இந்தச் சந்திக்குத் திரும்பி வருவதில்லை என்பதும் தெரியும்.

பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதவில்லை. அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் என்னால் தலையிடி வரக்கூடாது, பிழை அவர்களிடமும் இல்லை.

வெளிமாவட்ட வாசகர்களுக்காக நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பிரிவும் வைத்து உயர்தரம் நடத்த அனுமதி உள்ள 1ஏபி பள்ளிக்கூடம் ஒன்று, அதுதான் எங்கள் மகா வித்தியாலயம், அதைச் சுற்றித் தரம் 11 வரைக்கும் உள்ளவை சில, தரம் 5 வரைக்கும் உள்ள சின்னப் பள்ளிக்கூடங்கள் சில. நெல், மாடு, கடல், மகாவலி மணல், இவற்றை நம்பி இருக்கிற ஊர்கள். 2006இல் மாவிலாற்று அணைத் தண்ணீர்ப் பிரச்சினையோடு தொடங்கிய யுத்தத்தில் இந்தப் பக்கம் முழுக்க இடம்பெயர்ந்து ஓடியது. சம்பூர்ப் பக்கத்து ஆட்கள் வருடக்கணக்காக முகாம்களில் கிடந்து 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குக் கால் வைத்தார்கள். திரும்பி வந்த ஊருக்குக் கோயில் மணி அடிக்க வேண்டும், பள்ளிக்கூட மணியும் அடிக்க வேண்டும், அப்போதுதான் அது ஊர். ஆகவே ஒவ்வொரு ஊரும் தன் பள்ளிக்கூடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆசைப்படுவது எனக்கு நன்றாக விளங்குகிறது.

சரி, தரமுயர்த்தினால் என்ன நடக்கும்? முதல் நாள் பொங்கல், பூரண கும்பம், பொன்னாடை. வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து பெரியவர்கள் வருவார்கள், படம் உங்கள் பத்திரிகைக்கு வரும். கிடைக்கிற அனுமதி பெரும்பாலும் 1சி, அதாவது கலையும் வர்த்தகமும் மட்டும். வர்த்தகத்துக்குக் கணக்கீட்டு ஆசிரியர் கிடைக்கமாட்டார், ஆகவே கலை மட்டும். கலையிலும் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம்தான் பிள்ளைக்குப் பிடித்த பாடம் என்றாகிவிடும். கலைப் பிரிவை நான் குறைத்துச் சொல்லவில்லை, விரும்பிப் படிக்கிற பிள்ளை படிக்கட்டும். வேறு வழியில்லாமல் படிப்பதைத்தான் சொல்கிறேன். தரம் 11 விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஏ எடுத்த பிள்ளை, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளது இதுதான் என்பதற்காக இந்து நாகரிகமும் புவியியலும் எடுத்தால் அது தெரிவா?

இதில் இன்னொரு விஷயம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழக அனுமதியில் விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் மாதிரியான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடு முழுக்கத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16க்குள் திருகோணமலையும் இருக்கிறது. ஆனால் கலைப் பாடநெறிகளுக்கு அப்படி இல்லை, அங்கே அகில இலங்கைத் திறமை வரிசைதான். அதாவது எங்கள் கிராமத்துப் பிள்ளைக்கு என்று சட்டத்தில் கொஞ்சம் சலுகை எழுதி வைத்திருக்கிறார்கள், நாங்கள் ஊருக்கு ஊர் கலைப் பிரிவு திறந்து அந்தச் சலுகை இல்லாத வரிசையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். மாவட்ட ஒதுக்கீட்டில் உள்ள வைத்திய, பொறியியல் இடங்களுக்கு விண்ணப்பிக்கக்கூட எங்கள் பக்கத்தில் ஆள் சேராது. அந்த இடங்கள் வீணாகப் போகவில்லை, மாவட்டத்துக்குள்ளேயே நகரப் பள்ளிக்கூடங்களுக்குப் போகின்றன. அவர்கள் உழைத்துத்தான் எடுக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாவட்டம் பின்தங்கியது என்று கணக்கில் காட்டுவதற்கு எங்கள் ஊர்களும் வேண்டும், இடம் பிரிக்கிற நேரம் நாங்கள் வரிசையிலேயே இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். விஞ்ஞானமும் கணிதமும் நடத்த இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்று குறைந்தது நான்கு பட்டதாரி ஆசிரியர் வேண்டும். ஐந்து பள்ளிக்கூடங்களுக்கு இருபது பேர். கொட்டியாரம் முழுவதையும் சல்லடை போட்டாலும் இருபது பேர் கிடைக்கமாட்டார்கள். அப்படியே கிடைத்தாலும் ஒரு வகுப்பில் மூன்று பிள்ளை, நான்கு பிள்ளை என்றுதான் இருக்கும், போட்டி போடவும் ஆள் இல்லை, சந்தேகம் கேட்கவும் ஆள் இல்லை. ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் என்றால் ஐந்தாறு ஆசிரியரோடு காரியம் முடிந்தது, ஒருவர் பிரசவ விடுமுறையில் போனாலும் வகுப்பு நடக்கும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் செய்ததே இதுதான். கிராமப்புறங்களில் மத்திய பாடசாலை என்று 54 இடங்களில் தொடங்கி, சுற்றுவட்டாரத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் கொடுத்து எடுத்து, தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதியும் கொடுத்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, அதோடு சேர்ந்து வந்த விடுதி ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர வழி செய்யாவிட்டால் அந்த இலவசம் பாதிதான் என்று அவருக்கு விளங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த அரசாங்கங்களின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். மகிந்த காலத்தில் ஆயிரம் இடைநிலைப் பாடசாலை, மகிந்தோதய ஆய்வுகூடம். நல்லாட்சிக் காலத்தில் ‘அண்மையில் உள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’. கோட்டாபய காலத்தில் ஆயிரம் தேசிய பாடசாலை. ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் திட்டம் வந்தது, பலகைக்குப் பெயின்ட் அடிக்கிறவருக்கு நல்ல வேலை. கட்டடங்கள் வந்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்திலும் இரசாயன ஆய்வுகூடம் ஒன்று வடிவாக இருக்கிறது. அதன் கதவுப் பூட்டு இறுகிப்போய்விட்டது என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்கள், ஊரில் பூட்டுத் திருத்துகிறவனும் நான்தான். எண்ணெய் விட்டுத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தால் கண்ணாடி அளவிகளும் குழாயிகளும் வந்த பெட்டியிலேயே, சுற்றிவந்த கடதாசியோடு அடுக்கியபடி இருக்கின்றன. ஸ்டாண்டுகளில் பொலித்தீன் உறை அப்படியே. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் செம்மண் நிறத்தில் வந்து பிறகுதான் தெளிந்தது. என் மகள் நியமிப்பு (டைட்ரேஷன்) செய்முறையைப் படம் பார்த்துத்தான் பாடமாக்கியிருக்கிறாள், அந்தச் சாமான் எல்லாம் அவளுடைய வகுப்பறையில் இருந்து நூறடி தூரத்தில் பூட்டிக் கிடக்கிறது.

ஏன் பூட்டிக் கிடக்கிறது? இரசாயனவியல் ஆசிரியர் இல்லை. ஆனால் இருக்கிறார். இதுதான் எங்கள் பக்கத்துப் பெரிய வித்தை. ஆளணிப் பட்டியலில் அந்த இடம் நிரம்பியிருக்கிறது, ஆளை நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ‘தற்காலிக இணைப்பு’ என்று எடுத்திருக்கிறார்கள். சம்பளப் பட்டியல் எங்கள் பள்ளிக்கூடத்தில், வெண்கட்டி பிடிப்பது அங்கே. வெற்றிடம் என்று எழுதிப் போட்டால், உங்களுக்குத்தான் ஆள் இருக்கிறாரே என்று பதில் வரும். தற்காலிகம் என்பது எத்தனை தவணை என்று கேட்டால் அதற்குப் பதில் வராது. கஷ்டப் பிரதேசச் சேவை என்று நியமனம் எடுத்து, இணைப்பில் நகரத்துக்குப் போய், காலம் முடிந்ததும் அங்கேயே இடமாற்றம் எடுத்துவிடலாம். ஆசிரியரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது, இங்கே தங்குவதற்கு விடுதியும் இல்லை. ஆனால் பட்டியலில் உள்ள ஆள் நேரில் வராத பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு பள்ளிக்கூடங்களைத் தரமுயர்த்தினால் அந்தப் பட்டியல்களிலும் இப்படித்தான் பெயர்கள் இருக்கும்.

பாலங்கள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். முன்பு திருகோணமலைக்குப் போவதென்றால் மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்து நிற்க வேண்டும், தரைவழி போனால் துறைக்குத் துறை மிதவைப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர், இலங்கையிலேயே நீளமான பாலம் என்று சொன்னார்கள், நாங்களும் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிறகு மற்றப் பாலங்களும் முடிந்தன, ஏ15 வீதி கார்பெட் ஆனது. நோயாளிக்கு நல்லது, மீன் வியாபாரிக்கு நல்லது. பள்ளிக்கூடத்துக்கு என்ன நடந்தது என்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பாலத்தால் நகரத்துக்குப் போய்விட்டார்கள். வானுக்கு மாதக் காசு கட்டக்கூடியவர்கள் தரம் 6இலேயே போகிறார்கள், மற்றவர்கள் சாதாரண தரத்துக்குப் பிறகு. ஆசிரியர்களும் நகரத்தில் இருந்து தினசரி வந்து போகத் தொடங்கினார்கள், ஒன்றரைக்கு மணி அடித்தால் ஒன்றே முக்காலுக்கு ஆள் பஸ்ஸில். முன்பு ஊரில் அறை எடுத்துத் தங்கிப் பின்னேரத்தில் கோயில் மண்டபத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்மார் இருந்தார்கள், அந்தக் காலம் வீதி திருந்தியதோடு முடிந்தது. பாலம் வேண்டாம் என்று சொல்கிற மடையன் நான் இல்லை. தூரம் குறைந்தது காசு உள்ளவனுக்கு மட்டும்தான் என்று சொல்கிறேன்.

காசில்லாத வீட்டுக் கதை வேறு. உட்பக்கத்து ஊர் ஒன்றில் இருந்து ஒரு பெடியன் தன் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு வருவான். பின் கரியரில் அவள், முன் பாரில் இரண்டு புத்தகப் பை, ஹாண்டிலில் சாப்பாட்டுப் பெட்டி. கரியர் இரண்டு தரம் உடைந்தது, மூன்றாம் தரம் நான் அரை அங்குலக் கம்பி வைத்து ஒட்டிக் கொடுத்தேன், இனி சைக்கிள் உடைந்தாலும் கரியர் உடையாது என்று சொன்னேன். தார் வீதிக்கு வந்து ஏற முன்னர் கிறவல் பாதை, இரண்டு பக்கமும் பற்றை, விடியற்காலையில் யானை நிற்கும். யானை நின்றால் அன்றைக்கு முதல் பாடம் போச்சு. மாரியில் சேறு பிறேக் கட்டைக்குள் ஏறி இறுகிவிடும், உருட்டிக்கொண்டுதான் வருவார்கள். பெடியன் கணிதப் பிரிவு எடுத்தான், கெட்டிக்காரன், கடையில் நிற்கிற நேரம் பற்சில்லு விகிதம் பற்றி என்னிடம் கேள்வி கேட்பான், எனக்கே பதில் தெரியாது. ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, சனிக்கிழமை நகரத்து டியூஷனுக்குப் போக பஸ் காசும் வகுப்புக் காசும் வேண்டும். இரண்டு தவணை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். இப்போது மணல் உழவு இயந்திரத்தில் போகிறான், நாள் கூலி கையில் வருகிறது. அவன் நின்றதோடு தங்கச்சியும் நின்றுவிட்டாள், அவளை ஏற்றி வர ஆள் இல்லை. பெட்டைப் பிள்ளையைத் தனியே அந்தப் பாதையில் அனுப்பத் தாய்க்குப் பயம், தகப்பன் கடலில். இப்படி ஒரு வீட்டில் இரண்டு பேருடைய படிப்பும் முடிகிறது, புள்ளிவிபரத்தில் இது ‘இடைவிலகல்’ என்று ஒரு சொல்லோடு போய்விடும்.

பாதை என்று வருகிற இடத்தில் குறிஞ்சாக்கேணியை இந்த மாவட்டத்துக்காரன் மறக்க முடியாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழையதை எடுத்துவிட்டு, ஆட்களை ஏற்றி இறக்க விட்டிருந்த மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளைகளும் சேர்ந்து தண்ணீரோடு போனார்கள். நாடாளுமன்றத்திலும் பேசினார்கள். பிள்ளை வீட்டில் இருந்து வகுப்பறைக்கு வந்து சேருகிற வழியும் பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதிதான் என்று அதற்குப் பிறகாவது யாராவது ஒரு அதிகாரி எழுதி வைத்தாரா என்று பார்த்தால் இல்லை. கல்வித் திணைக்களம் கேட்டால் போக்குவரத்து எங்கள் வேலை இல்லை என்கிறது, போக்குவரத்துக்காரரைக் கேட்டால் பாடசாலை விஷயம் வலயத்தோடு பேசுங்கள் என்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது பஸ். இருக்கிற பஸ்ஸைப் பற்றி முதலில் சொல்கிறேன். காலையில் எங்கள் வீதியால் வருகிற பஸ் அலுவலகக்காரர்களை நகரத்துக்குக் கொண்டுபோக வைத்த பஸ். அது பிள்ளைகள் நிற்கிற தரிப்பிடத்துக்கு வருகிற நேரம் மிதிபலகை வரை நிரம்பியிருக்கும். சீசன் டிக்கெட் காட்டுகிற பிள்ளை என்றால் நடத்துனருக்கு ஏற்ற மனம் வராது, சாரதிக்கு நிறுத்த மனம் வராது, கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் ஓடிவர முன்னர் எடுத்துவிடுவார்கள். தனியார் பஸ்ஸில் சீசன் செல்லாது. பின்னேரம் இன்னும் மோசம், பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பஸ், அதை விட்டால் நாலரை வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும். மேலதிக வகுப்போ விளையாட்டுப் பயிற்சியோ வைத்தால் உட்பக்கத்துப் பிள்ளை நிற்கவே முடியாது. வலய மட்டத்து ஓட்டத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து தெரிவாவது எப்போதும் சந்திக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்தான், தூரத்துப் பிள்ளைகளுக்குக் கால் இல்லை என்று அர்த்தமா? தினமும் அதிக தூரம் சைக்கிள் மிதிக்கிறவர்கள் அவர்கள்.

‘சிசு செரிய’ என்று அரசாங்கத்தின் பாடசாலை பஸ் சேவை நாட்டில் இருக்கிறது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மானியம் கொடுக்கும், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் ஓடலாம், தனியார் பஸ்ஸும் ஓடலாம், பிள்ளை கட்டுவது சின்னப் பங்கு. புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. எங்கள் ஏழெட்டு ஊரையும் சுற்றி வருகிற மாதிரி ஒரே ஒரு பஸ், காலையில் உட்பக்கத்து ஊர்களை முதலில் ஏற்றி ஏழே காலுக்குச் சந்தி, பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு நடை, மேலதிக வகுப்பு முடிந்து நாலரைக்கு இன்னொரு நடை. அவ்வளவுதான். ஒரு மாடிக் கட்டடம் கட்டுகிற காசில் அந்தப் பஸ்ஸை எத்தனை வருடம் ஓட்டலாம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும். கட்டடத்துக்கு நாடா வெட்டலாம், கல்லில் பெயர் பொறிக்கலாம், பஸ்ஸுக்கு அது முடியாது, அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். 2022இல் டீசல் இல்லாமல் பஸ் நின்றபோது என் கடையில் நிற்க இடம் இல்லாமல் சனம், கணித வாத்தியாரும் பழைய சைக்கிளைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். வியாபாரம் என்று பார்த்தால் பஸ் வராமல் இருப்பதுதான் எனக்கு லாபம். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஏதோ கொமிஷன் இருக்கிறது என்று கதைக்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

பஸ்ஸால் முடியாத ஊர்களுக்கு விடுதி. பெட்டைப் பிள்ளைகளுக்கு முதலில். பெரிய மண்டபம் வேண்டாம், இருபது பிள்ளை தங்க இடம், பொறுப்பான ஒரு அம்மா, இரவில் படிக்க வெளிச்சம். ஆசிரியருக்கும் நான்கு அறை கட்டினால் இணைப்பு எடுக்கிறவர்களில் இரண்டு பேராவது யோசிப்பார்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, எழுதினால் இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவேன், பரவாயில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியலுக்கு ஆள் இல்லை. பக்கத்து முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் நல்ல இரசாயனவியல் ஆசிரியர் இருக்கிறார், அவர்களுக்கு இணைந்த கணிதம் இடிக்கிறது. எங்களுக்கு அதற்கு ஆள் இருக்கிறார். பாடத்திட்டம் ஒன்று, மொழி ஒன்று, வினாத்தாள் ஒன்று, அந்த ஆசிரியரும் எங்கள் ஆசிரியரும் ஒன்றாகப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்கூட. வாரத்தில் இரண்டு பின்னேரம் பிள்ளைகளை மாற்றி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? நோன்பு விடுமுறை அவர்களுக்கு வேறு காலத்தில் வரும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர்கள் முன்கூட்டியே விடுவார்கள், நேரசூசி போடுகிறபோது அதையெல்லாம் பார்க்க வேண்டும். அது இரண்டு அதிபர்கள் ஒரு மேசையில் அரைநாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை. சந்தையில் அவர்களிடம் மாடு விற்கிறோம், அவர்கள் கடையில் சீமெந்து வாங்குகிறோம், என் கடைக்கு உதிரிப்பாகம் வருவதே மூதூரில் ஒரு முதலாளியிடம் இருந்துதான். படிப்பு என்று வந்ததும் மட்டும் வேலி எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தைப் பெரிதாக்கினால் மற்றதை மூடிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை குறைந்த பள்ளிக்கூடங்களை ஒன்றாக்குவது பற்றி மேலிடத்தில் பேச்சு அடிபடுகிறது, ஆகவே பயம் சும்மா வந்ததும் இல்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை பஸ்ஸில் ஏற்று என்று நான் சொல்லமாட்டேன். தரம் 5 வரைக்கும் அந்தந்த ஊரில்தான், பிள்ளை நடந்து போகிற தூரத்தில், பத்துப் பிள்ளை இருந்தாலும் சரி. தரம் 11 வரைக்கும் இருக்கிறவை அப்படியே இருக்கட்டும். பதினாறு வயதுக்குப் பிறகு உள்ள இரண்டு வருடத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

‘அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் பிள்ளை ஏன் போக வேண்டும்’ என்கிற பேச்சு இருக்கிறதே, அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அபிவிருத்திச் சங்கத்தில் எல்லா ஊருக்கும் ஆள் இருக்க வேண்டும், இல்லப் போட்டிக்கு ஊர் ஊராகப் பிரிக்காமல் கலந்து பிரிக்க வேண்டும், பழைய மாணவர் சங்கத் தலைவர் எப்போதும் ஒரே ஊர்க்காரராக இருக்கக் கூடாது. இவை அதிபர் நினைத்தால் நடக்கும். மற்றது எங்கள் வாய். அது தானாகத்தான் அடங்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு பிரச்சினை. மாகாணப் பாடசாலை என்றால் மாகாண சபை, கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. எங்கள் ஊருக்கு வந்து கேள்வி வாங்குகிறதுக்கு ஒரு மாகாண உறுப்பினர் கூட இல்லை. ஆளுநர், செயலாளர், பணிப்பாளர் என்று எல்லாரும் நியமனம் பெற்றவர்கள், கோப்புக்குப் பதில் சொல்வார்கள், சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் சனம் வீதிக்கு வந்து பதாதை பிடிக்கிறது. பிடிக்கட்டும், ஆனால் இரண்டு மாதத்தில் செய்யக்கூடியதைக் கேட்டுப் பிடித்தால் நல்லது. எங்கள் மகா வித்தியாலயத்துப் பெயரில் வேறு இடத்தில் இணைப்பில் இருக்கிறவர்களை அடுத்த தவணை தொடங்க முன்னர் திருப்பி அனுப்பு, அல்லது அந்த இடங்களை வெற்றிடம் என்று எழுதி வேறு ஆள் போடு. இதற்குத் திறைசேரிக் காசு தேவையில்லை, ஒரு கையெழுத்துப் போதும்.

பஸ் விண்ணப்பத்தை அபிவிருத்திச் சங்கம் எழுதத் தொடங்கியிருக்கிறது. எந்த ஊரில் இருந்து, எந்தத் தரிப்பிடத்தில், தரம் 10இல் இருந்து 13 வரைக்கும் எத்தனை பிள்ளை ஏறும் என்ற கணக்கு அதோடு வைக்க வேண்டும், வெறும் கடிதமாகப் போனால் கோப்புக்குள்ளேயே கிடக்கும். ஆண், பெண் என்று பிரித்து எழுதினால் நல்லது. படிப்பை விட்டு நிற்கிற பிள்ளை பஸ் வந்தால் திரும்பி வரும் என்றால் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கணக்கை எடுக்க ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆள் வேண்டும், கோயில் பரிபாலன சபையோ மீனவர் சங்கமோ கமக்காரர் அமைப்போ யாராக இருந்தாலும் சரி. எழுதிய தாளைச் சந்திக் கடையில் என்னிடம் தந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் திறந்திருப்பேன்.

இப்படிக்கு,
சந்தி சைக்கிள் கடைக்காரன்,
கொட்டியாரம், திருகோணமலை மாவட்டம்.